முனைவர் பட்ட ஆய்வாளருக்குக் கிடைக்கும் துணைகள்: நான்காண்டு பயன்படுத்திப் பார்த்த மதிப்பீடு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ளும் மாணவருக்குப் பல்கலைக்கழகம் ஒரு பதிவு எண்ணையும் ஒரு நெறியாளரையும் கொடுத்து, ஆறாண்டுக்குள் ஆய்வேட்டோடு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறது. முன்னாய்வுகளை எப்படித் திரட்டுவது, இயலை எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது, இதழுக்குக் கட்டுரை அனுப்பும்போது போலி இதழை எப்படி அடையாளம் காண்பது என்பவை எல்லாம் காற்றோடு காற்றாகத் தானே வந்து சேரும் என்று துறை நம்புகிறது. நல்வாய்ப்பாக, இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று அரசு செலவில் நடக்கும் சேவைகள் சில உள்ளன. தென் மாவட்டம் ஒன்றில் உள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் 2021-இல் வரலாற்றுத் துறையில் பதிவு செய்து, பாசனக் கால்வாய்களின் நிர்வாகம் பற்றித் தமிழிலேயே ஆய்வேடு எழுதி முடித்தவன் என்ற முறையில் அவற்றைப் பற்றிய என் மதிப்பீட்டை இங்கே எழுதுகிறேன். எனக்கு உதவித்தொகை கிடையாது. ஆகவே ஒவ்வொரு சேவையையும் பார்க்கும்போது அதற்கு என்ன செலவாகிறது என்பதும் சேர்ந்தே கண்ணில் படும். அறிவியல் துறைகளில் இருப்பவர்கள் அதற்கு ஏற்பக் கழித்துப் படித்துக்கொள்ளலாம்.

முதலில் செலவழித்து ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்த முதல் ஆண்டில், ஆய்வு முறையியல் பற்றிய ஏழு நாள் 'பன்னாட்டு' இணையவழிப் பயிலரங்கம் என்று வாட்ஸ்அப் குழுவில் வந்த அறிவிப்பை நம்பி ஒரு தனியார் நிறுவனத்துக்கு 1,200 ரூபாய் கட்டினேன். நாளுக்கு ஒருவர் வந்து ஏறத்தாழ ஒரே படவில்லைகளைக் காட்டி, கருதுகோள் என்றால் என்ன என்று ஏழு நாளும் விளக்கினார்கள். கடைசி நாளன்று கூகுள் படிவத்தை நிரப்பியதும் மின்சான்றிதழ் வந்தது. அதில் என் தலைப்பெழுத்து தவறாக இருந்தது. திருத்திக் கேட்டதற்கு, அடுத்த பயிலரங்கில் சேர்ந்தால் இரண்டையும் சேர்த்து அனுப்புவதாகப் பதில் வந்தது. இத்தகைய பயிலரங்கங்களுக்கு இரையாகும் மாணவர்களில் பெரும்பாலோர் இதைவிட நல்லவை இலவசமாகவே கிடைப்பதை அறியாதவர்கள் என்பதைப் பின்னால் புரிந்துகொண்டேன். இந்த மதிப்பீட்டை எழுத அதுவும் ஒரு காரணம்.

காந்திநகரில் இயங்கும் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் களஞ்சியம். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகளை, கட்டணமோ கடவுச்சொல்லோ இல்லாமல், கைபேசியில்கூடத் திறந்து படிக்கலாம். எந்தச் சேவையைக் காட்டிலும் இதிலிருந்தே நான் அதிகம் கற்றேன் என்றாலும், அந்தப் பயன் தொடக்கத்தில் நான் எதிர்பார்த்த வழியில் வரவில்லை. என் தலைப்பில் யார் யார் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கத்தான் உள்ளே போனேன். நான்கைந்து ஆய்வேடுகளே கிடைத்தன. பிறகு நெறியாளர் ஒருநாள், "உங்க தலைப்பை விடுங்க தம்பி, வேற தலைப்புல நல்லா எழுதியிருக்கிறவங்க முதல் இயலை மட்டும் எடுத்துப் படிங்க" என்றார். ஒரு வாரத்தில் இருபது ஆய்வேடுகளின் முதல் இயல்களைப் படித்தேன்.

அப்போதுதான் ஒன்று புலப்பட்டது. நம் ஆய்வேடுகள் பலவற்றில் முன்னாய்வுகள் என்னும் பகுதி, இன்னார் இன்ன ஆண்டில் இன்ன தலைப்பில் ஆய்ந்துள்ளார் என்று பத்திக்கு ஒருவராக அடுக்கிக்கொண்டே போகும் வருகைப் பதிவேடாக இருக்கிறது. அந்த இருபதில் மூன்றில் மட்டும் முன்னாய்வுகள் கேள்விகளின்படி பிரிக்கப்பட்டு, எந்தக் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லையோ அதன் வாசலில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டிருந்தன. இந்த வேறுபாட்டைப் பயிலரங்கத்தில் ஏழு நாளும் எவரும் சொல்லவில்லை. என் முதல் இயலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

ஷோத்கங்காவில் ஆய்வேடு முழுவதும் ஒரே கோப்பாக இருப்பதில்லை. தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, இயல்கள், துணைநூற்பட்டியல் என்று எண் இட்ட தனித்தனிக் கோப்புகளாக இருக்கும். 80 என்ற எண்ணில் தொடங்கும் கோப்பில் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் மட்டும் இருக்கும். ஆய்வேடு நமக்குப் பயன்படுமா என்று இரண்டே நிமிடத்தில் அறிய அதைத் திறந்தால் போதும். என்னைக் கேட்டால், வரலாற்று மாணவர்களுக்குத் துணைநூற்பட்டியல் கோப்புதான் புதையல். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் வருவாய் வாரிய நடவடிக்கைக் குறிப்புகளில் எந்தத் தொகுதியைக் கேட்பது என்று தெரியாமல் அட்டவணைகளோடு மல்லாடிக்கொண்டிருந்தபோது, வேறு மாவட்டத்தைப் பற்றிய ஓர் ஆய்வேட்டின் பட்டியலில் இருந்த தொகுதி எண்களை எழுதிக்கொண்டு போய்க் கேட்டேன். அன்று மாலைக்குள் எனக்கு வேண்டிய குடிமராமத்துக் கடிதங்கள் மேசைக்கு வந்துவிட்டன.

குறை என்று சொல்வதானால், அது களஞ்சியத்தைவிட அதில் கொண்டுபோய்க் கொட்டும் பல்கலைக்கழகங்களின் குறை. தமிழில் எழுதப்பட்ட ஆய்வேடுகளில் கணிசமானவை அச்சுப் பக்கங்களை வருடி எடுத்த படங்கள்; வேறு பல பழைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. முதல் வகையில் சொல்லைத் தேடவே முடியாது. இரண்டாம் வகையில் திரையில் தமிழ் அழகாகத் தெரியும். ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாக விழும். எல்லாக் கணினிகளிலும் ஒரே குறியீட்டில் இயங்கும் யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுக்கொண்டு ஆணை பிறப்பித்துவிட்டது. இருந்தாலும் பல்கலைக்கழக வாசலில் இருக்கும் தட்டச்சு நிலையங்களில் பாமினியும் வானவில்லும் இன்னும் கோலோச்சுகின்றன.

இந்த எழுத்துருச் சிக்கலின் முழு விளைவும் அடுத்த சேவையில்தான் தெரியும். ஷோத்சுத்தி என்ற திட்டத்தின் கீழ், 2019 செப்டம்பர் முதல், ஒப்புமை, அதாவது ஆய்வேட்டின் வாசகம் பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்பதை, கண்டறியும் மென்பொருள் பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. மாணவர்கள் வழக்குமொழியில் 'பிளேஜியரிசம் ரிப்போர்ட்' என்று சொல்லி நடுங்கும் அறிக்கையைத் தருவது இதுதான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு ஒழுங்குமுறையின்படி, ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை; 10-க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும்; 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது; 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். உரிய மேற்கோள் காட்டித் தந்த பகுதிகளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் வரக்கூடாது. தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான பொதுவழக்குத் தொடர்களும் அப்படியே. இந்த விலக்குகளை அறியாமல், அரசாணை வாசகத்தையே சொல் மாற்றி எழுதிப் பொருளைக் கெடுத்துக்கொண்ட நண்பர்களைப் பார்த்திருக்கிறேன்.

மென்பொருளின் வேலை எழுத்துச் சரங்களை ஒப்பிடுவது மட்டுமே. பழைய எழுத்துருவில் இருக்கும் தமிழ் அதன் கண்ணுக்குத் தமிழாகவே தெரியாது. ஆகவே முழு இயலையும் வேறொருவரிடமிருந்து அள்ளியிருந்தாலும் ஒப்புமை ஏறக்குறைய சுழியம் என்று அறிக்கை வரக்கூடும். என்னுடைய இரண்டாம் இயலைச் சோதித்தபோது ஒரு விழுக்காடு என்று வந்தது. மகிழ்ச்சியோடு நெறியாளரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "இது உங்க நேர்மைக்குக் கிடைச்ச மார்க் இல்ல, டைப் அடிச்சவருக்குக் கிடைச்ச மார்க்" என்றார். அன்றே எல்லா இயல்களையும் யூனிகோடுக்கு மாற்றுவதென்று முடிவு செய்தேன்.

மாற்றுவதற்கு இலவச மென்பொருள் உண்டு, நான் என்.எச்.எம். கன்வெர்ட்டரைப் பயன்படுத்தினேன். ஆனால் தட்டச்சு செய்தவர் பழக்கத்தால் விட்ட பிழைகளை எந்த மென்பொருளும் திருத்தாது. துணைக்கால் வர வேண்டிய இடத்தில் 'ர' அடித்திருப்பார். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியதால் அதுவரை எவர் கண்ணிலும் பட்டிருக்காது. ஔகாரத்துக்கு 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துப் போட்டிருப்பார். 'கால்வாய்' என்று தேடினால் நூற்றுக்கணக்கில் வர வேண்டிய சொல் முப்பது இடத்தில்தான் வந்தது. ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்க மூன்று வாரம் பிடித்தது. மறுபடி சோதித்தபோது ஒப்புமை ஆறு விழுக்காடு. அதில் பாதி என் சொந்தக் கருத்தரங்கக் கட்டுரையிலிருந்து வந்தது. முதலில் வந்த ஒன்றைவிட இந்த ஆறே எனக்கு நிம்மதி தந்தது.

முன்தகுதிப் பாடங்களில் ஒன்றான ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. மானியக் குழு 2019 இறுதியில் எல்லா முனைவர் பட்ட மாணவர்களுக்கும் கட்டாயமாக்கிய, 30 மணி நேரமும் 2 மதிப்பலகும் கொண்ட பாடம் அது. தாளில் பார்த்தால் நல்ல பாடத்திட்டம்: 15 மணி நேரம் கோட்பாடு, 15 மணி நேரம் பயிற்சி. தரவுத்தளங்களையும் ஆய்வு அளவீடுகளையும் கையாள மட்டும் 7 மணி நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்த 7 மணி நேரத்தைக் கணினியின் முன் உட்கார வைத்து நடத்துகிறார்களா, கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களா என்பதைப் பொறுத்தே அதன் மதிப்பு. தரமான இதழ்களுக்கென்று மானியக் குழு 2019 முதல் வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்ட பிறகு, எந்த இதழை நம்புவது என்ற பொறுப்பு மாணவர் தலையிலும் நெறியாளர் தலையிலும் வந்து விழுந்திருக்கிறது. போலி இதழ்களைப் பற்றிய பகுதியைத் தூங்காமல் கேட்பது நல்லது.

பணம் கட்டியும் பயன் பெற்ற ஒரே சேவை, இணையவழிப் பாடங்களை நடத்தும் என்.பி.டெல். ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003-இல் தொடங்கிய இத்திட்டத்தில் பாடங்களைப் பார்ப்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்கு 1,000 ரூபாய் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதிக் கட்டணம். ஆய்வு முறையியல், ஆய்வுக் கட்டுரை எழுதுதல், அறிவுசார் சொத்துரிமை என்று ஆய்வாளருக்கு நேரடியாகப் பயன்படும் பாடங்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கின்றன. 2022 ஜனவரிப் பருவத்தில் எட்டு வாரப் பாடம் ஒன்றில் சேர்ந்தேன்.

சேவையின் வலிமை அதன் கறாரில் இருக்கிறது. வாரந்தோறும் பயிற்சித்தாள் வரும். புதன்கிழமை இரவு 11.59-க்குள் அனுப்பாவிட்டால் போனது போனதுதான். எட்டில் சிறந்த ஆறின் மதிப்பெண்ணை எடுத்து 25-க்குக் கணக்கிடுகிறார்கள். மீதி 75 மையத்துக்கு நேரில் போய்க் கணினியில் எழுதும் மூன்று மணி நேரத் தேர்வுக்கு. பயிற்சியில் 25-க்கு 10-உம் தேர்வில் 75-க்கு 30-உம் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்பதையே நாள்காட்டியாகக் கொண்டு வாழும் ஆய்வு மாணவனுக்குப் புதன்கிழமை என்ற ஒன்று இருப்பதே பெரிய மருத்துவம். எட்டு வாரமும் செவ்வாய்க்கிழமை இரவே உட்கார்ந்துவிடும் பழக்கம் வந்தது. பாடம் முடிந்த பிறகும் செவ்வாய் இரவுகளை இயல் எழுதுவதற்கென்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் எழுதக் கற்றுத்தருவதாகச் சொல்லும் பாடத்தின் பயிற்சித்தாளும் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களாகவே இருக்கிறது என்பதை மறைக்க முடியாது. ஆயிரக்கணக்கானோர் சேரும் பாடத்தில் ஒவ்வொருவர் பத்தியையும் திருத்தித் தருவது நடக்காது என்பது புரிகிறது. எனினும், நல்ல சுருக்கத்தின் இலக்கணத்தை நான்கு விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு நல்ல சுருக்கம் எழுத வந்துவிடாது. எடுத்துக்காட்டுகளும் பெரும்பாலும் ஆய்வகத்தைச் சுற்றியே வருகின்றன. மாறிகளைக் கட்டுப்படுத்துவது பற்றி ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, 150 ஆண்டுக்கு முன் எழுதப்பட்ட தாசில்தார் கடிதத்தில் எதைக் கட்டுப்படுத்துவது என்று யோசித்துக்கொண்டிருப்போம். மொழி, வரலாறு, சமூகவியல் மாணவர்கள் சேருமுன் முதல் வாரக் காணொளிகளைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுவது உத்தமம்.

ஆய்வின் கடைசி ஆண்டில்தான் 'ஒரே நாடு ஒரே சந்தா' வந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களைச் சுமார் 6,300 அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிடும் இத்திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தெரிந்தவருக்குத் தெரிந்தவரிடம் கெஞ்சி வாங்கிய கட்டுரைகளை, நூலகத்தில் உட்கார்ந்து நானே இறக்கிக்கொண்ட முதல் நாளை மறக்க முடியாது. இந்தியப் பொருளாதார, சமூக வரலாறு பற்றி சேஜ் வெளியிடும் இதழின் பழைய பக்கங்களில் தமிழகப் பாசனம் பற்றிய கட்டுரைகளைத் தேடித் தேடி எடுத்தேன். இரண்டாண்டுக்கு முன்பே கிடைத்திருந்தால் என் மூன்றாம் இயல் வேறு மாதிரி இருந்திருக்கும். நூலகரிடம் சொல்லி இன்ஃபெட் கணக்கு ஒன்றை வாங்கிக்கொண்டால் வளாகத்துக்கு வெளியிலிருந்தும் பார்க்கலாம். கேட்காமல் தானாக எதுவும் வராது. ஆனால் முதற்கட்டத்தில் இது அரசு நிறுவனங்களுக்கே என்பதால், சுயநிதிக் கல்லூரிகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் அப்படிப்பட்ட ஆய்வு மாணவர்கள் எத்தனை பேர் என்பதை எந்தக் கல்லூரி வாசலில் நின்றாலும் தெரிந்துகொள்ளலாம்.

இத்தனை சேவைகளும் சேர்ந்தும் செய்யாத ஒரு வேலை உண்டு: எழுதியதைப் படித்துவிட்டு, இந்த இடத்தில் எனக்குப் புரியவில்லை என்று சொல்வது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இதற்கென்றே எழுத்து மையங்கள் இருக்கின்றன. மாணவர் நேரம் குறித்துக்கொண்டு போய், பயிற்சி பெற்ற ஒருவரோடு உட்கார்ந்து தன் பக்கங்களைப் பேசலாம். நம் பக்கத்தில் அந்தச் சுமை முழுவதும் நெறியாளர் தோளில். எட்டு மாணவர்களையும் வகுப்புகளையும் விடைத்தாள் கட்டுகளையும் வைத்துக்கொண்டிருப்பவர் 60 பக்க இயலை வரிவரியாகப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

நாங்கள் ஐந்து பேர், வரலாற்றில் இரண்டு, தமிழில் இரண்டு, பொருளியலில் ஒன்று, சனிக்கிழமை பிற்பகல்களில் துறை நூலகத்தில் கூடினோம். ஒருவர் தம் இயலிலிருந்து நான்கு பக்கத்தை உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்கள் பென்சிலோடு கேட்க வேண்டும். பொருளியல் அக்கா, "தம்பி, மூணு பக்கமா மடையைத் திறந்துட்டீங்க, இன்னும் தண்ணி வரலியே" என்று சொன்ன நாளில், என் நான்காம் இயலின் முதல் மூன்று பக்கங்கள் போயின. தேநீர்ச் செலவு தவிர இந்தச் சேவைக்குக் கட்டணம் இல்லை. துறைத்தலைவர் ஓர் அறையும் வாரத்துக்கு இரண்டு மணி நேரமும் அதிகாரபூர்வமாக ஒதுக்கித் தந்தால் எந்தப் பல்கலைக்கழகமும் இதை நடத்தலாம். நாங்கள் எழுதிக் கொடுத்த விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருக்கிறது.

வாய்மொழித் தேர்வு முடிந்து, ஆய்வேட்டின் மென்படியை நூலகத்தில் ஒப்படைத்த சில வாரங்களுக்குப் பிறகு அது ஷோத்கங்காவில் ஏறியிருந்தது. நான்காம் இயலின் கோப்பைத் திறந்து, தேடும் பெட்டியில் 'மடை' என்று அடித்துப் பார்த்தேன். 47 இடங்களில் மஞ்சள் நிறம் மின்னியது.